கெங்கேரி வரை

மே மாதம் என்றால் உலகம் முழுவதும் வெயில் என்று ஏசுதாஸ் நம்பினார். ரயில்வேயில் வேலை பார்த்த காலமெல்லாம் கோடை விடுமுறைக் கூட்டத்தை ஏப்ரலிலும் மேயிலும்தான் பார்த்தவர். அதனால், மகன் லாய்டைப் பார்க்க பின்லாந்துக்குப் போகலாம் என்று முடிவானதும், யாரையும் கேட்காமல் மே கடைசி வாரத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டார். ரத்து செய்தால் காசு திரும்பி வராத டிக்கெட். மனைவி மோலியும் ஆஸ்பத்திரியில் லீவு சொல்லிவிட்டாள். இரண்டு பேருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

லாய்ட் வீடியோ காலில் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"மேயாப்பா? இங்கே மே நடுவுலதான் ஏரியில ஐஸே உருகும். ஜூலையில வந்தா அம்மா நல்லா நீந்தலாம்."

ஜூலை நடக்காது. மழை வந்தால் மைசூருவில் டெங்கு வரும், டெங்கு வந்தால் மோலியின் வார்டில் கட்டில் போதாது. சீனியர் நர்ஸுக்கு அப்போது லீவு கேட்க வாயே வராது.

லாய்டின் வீட்டு ஜன்னலுக்கு வெளியே இருந்த அந்த ஏரியை மோலி மூன்று வருடமாகப் போனில் பார்த்துப் பார்த்து ஏங்கியிருக்கிறாள். முழங்கால் வலிக்காக நீச்சல் பழகப் போனவள் அவள். வலி போய்விட்டது, பைத்தியம் ஒட்டிக்கொண்டது. ஆனால் நீச்சல் குளத்தில் நாலு கை போட்டால் சுவர், திரும்பினால் இன்னொரு சுவர். சுவர் இல்லாத தண்ணீர் ஊரைச் சுற்றி எவ்வளவோ இருந்தது. அத்தனை கரையிலும் இறங்காதே என்று ஒரு போர்டும் இருந்தது. லாய்டின் ஏரியிலோ இறங்குவதற்கு ஏணியே வைத்திருந்தார்கள். தண்ணீர் இன்று எத்தனை டிகிரி என்று ஊர்க்காரர்கள் தினமும் இணையத்தில் போட்டார்கள். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது போலத்தான் இருந்தது. அதில் ஒரு முறை நீந்தாமல் திரும்பி வருவதை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

"மே கடைசியில எத்தனை டிகிரிடா இருக்கும்?"

"பத்துக்குள்ளதான்மா. ஊர்க்காரங்களே சீக்கிரம் ஏறிடுவாங்க."

"பேடா மோலி, வேண்டாம்," என்றார் ஏசுதாஸ். "கரையில நின்னு பாரு. போட்டோ எடுக்கறேன்."

மோலி கரையில் நிற்பதாக இல்லை. மறுநாள் பழைய தண்ணீர்த் தொட்டி ஒன்றை மேல்பக்கம் அறுக்கச் சொல்லி, பின்கட்டில் வைத்தாள். மண்டி மொஹல்லா சந்தில் இருந்த ஐஸ் கடையிலிருந்து சாக்கில் கட்டிய ஐஸை ஸ்கூட்டரின் முன்னால் வைத்து, வழியெல்லாம் சொட்டச் சொட்டக் கொண்டுவந்தாள். ஏசுதாஸ் அந்தச் சாக்கைத் தொடக்கூட மறுத்தார். தண்ணீரின் சூட்டைப் பார்க்க மோலி ஆஸ்பத்திரிப் பழக்கத்தில் காய்ச்சல் தெர்மாமீட்டரை முக்கினாள். அது முப்பத்தைந்துக்குக் கீழே எதையும் காட்டாது என்பதை இத்தனை வருஷம் நர்ஸாக இருந்தவள் மறந்துவிட்டாள். மீன் தொட்டிக் கடையில் ஒன்று வாங்க வேண்டியதாயிற்று.

பத்து டிகிரியில் கழுத்துவரை இறங்கியதும் மூச்சு மார்பிலேயே மாட்டிக்கொண்டது. வாயைத் திறந்தால் காற்று உள்ளே மட்டும் போயிற்று. வெளியே வரவில்லை. குளிரில் முதல் ஆபத்து இந்த மூச்சுத்தான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன, உடம்பு கேட்க வேண்டுமே.

ஏசுதாஸுக்கும் அது தெரிந்துவிட்டது. போர்வையை நீட்டியபடி ஒரு நிபந்தனை போட்டார்.

"உள்ளே உட்கார்ந்து ஸ்டேஷன் பேரெல்லாம் வரிசையா சொல்லு. மைசூருலிருந்து கெங்கேரி வரைக்கும், நிதானமா, ஒண்ணு விடாம. சொன்னா ஏரியில இறங்கு. திக்கினா கரைதான். லாய்ட் முன்னால சொல்லணும்."

ரயில்வேக்காரர் வைக்கும் பரீட்சை வேறு எப்படி இருக்கும்.

முதல் நாள் நாகனஹள்ளிகூட வாயில் வரவில்லை. அடுத்து ஸ்ரீரங்கப்பட்டணா வந்தது, பாண்டவபுரா வந்தது. மண்ட்யாவில் பல் கிட்டிக்கொண்டு பல நாள் நின்றாள். பிறகு ஒரு விஷயம் பிடிபட்டது. மூச்சை இழுக்கப் போராடாமல், ஊதி வெளியே விட்டால் மற்றது தானாக வந்தது. ஒவ்வொரு ஊருக்கும் ஓர் ஊதல். மத்தூர் தாண்டியது. மதில் மேலிருந்து எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுச் சித்தம்மா, இந்த அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று தெருவுக்கே சொல்லி வைத்தாள்.

ஒரே குறை, ஏரி இன்னும் திறக்கவில்லை. இந்த வருஷம் ஐஸ் பிடிவாதமாக நின்றது. காலையில் எழுந்ததும் மோலி போனில் ஊர்க்காரர்களின் அந்த இணையப் பக்கத்தைப் பார்ப்பாள். நீர் வெப்பம் என்ற இடத்தில் ஒரு கோடு மட்டும் இருக்கும். கோட்டைப் பார்த்து எரிச்சலோடு காபி போடுவாள்.

பரீட்சை நாள் ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து வந்த கையோடு. போனை வாளி மேல் சாய்த்து வைத்தார்கள், அதில் லாய்ட். ஏசுதாஸ் மீன் தொட்டித் தெர்மாமீட்டரைத் தானே பார்த்து, பத்து என்று அறிவித்தார். மோலி இறங்கினாள்.

"நாகனஹள்ளி," என்று ஊதினாள். "ஸ்ரீரங்கப்பட்டணா. பாண்டவபுரா."

மண்ட்யாவில் தாடை நடுங்கியது. ஏசுதாஸின் கை போர்வைக்குப் போயிற்று. மோலி கண்ணாலேயே அவரை நிறுத்தி, ஊதி, மண்ட்யா என்றாள். ஹனகெரே, மத்தூர், சென்னப்பட்டணா, ராமநகரா எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. பிடதியில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"ஹெஜ்ஜாலா. கெங்கேரி."

லாய்ட் கை தட்டினான். ஏசுதாஸ் மனைவியைத் தூக்கிவிட்டுப் போர்வை சுற்றினார். முகத்தில் பெருமை இருந்தது, மறைக்கவும் பார்த்தார்.

"அம்மா, இருங்க," என்றான் லாய்ட். அவன் பார்வை வேறு எங்கோ போயிருந்தது. "அந்தப் பேஜைப் பாருங்க. இப்போதான் போட்டிருக்காங்க."

ஈர விரலில் போன் முதலில் நகர மறுத்தது. பிறகு நகர்ந்தது. கோட்டைக் காணோம். அந்த இடத்தில் நான்கு என்று இருந்தது.

மோலி போட்ட கூச்சலில் சித்தம்மா மதிலுக்கு ஓடி வந்தாள். "ஏனாய்த்து மோலியம்மா?" என்று கன்னடத்தில் கேட்டாள்.

"ஏரி திறந்துடுச்சு சித்தம்மா," என்று மோலி தமிழிலேயே கத்தினாள். போர்வையோடு குதித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது, அது குளிரால் இல்லை.

ஏசுதாஸ் மட்டும் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். மோலியின் குதிப்பு அடங்கியது. நான்கு டிகிரி என்பது அவள் உட்கார்ந்திருந்த தொட்டியில் பாதிகூட இல்லை. மறுப்பதற்கு இதைவிட நல்ல சாக்கு அவருக்குக் கிடைக்காது.

"நீங்க வர்றதுக்குள்ள எட்டு, ஒன்பதுக்கு ஏறிடும்பா," என்றான் லாய்ட் அவசரமாக.

"ஏறலைன்னா?" என்றார் ஏசுதாஸ்.

அவர் ஆணியிலிருந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்தார், மூலையில் கிடந்த ஈரச் சாக்கை உதறி மடித்து அக்குளில் வைத்துக்கொண்டார்.

"எங்கே கிளம்பிட்டீங்க?"

"ஐஸ் கடை மூடறதுக்குள்ள போயிட்டு வரேன். நீ ஈரத்தை மாத்து. சாயங்காலம் மறுபடியும் மைசூருலிருந்து ஆரம்பிக்கலாம்."