நுரைத்த ஸ்ட்ராபெரி

அக்கா என்னோடு பேசி இரண்டு வருஷம் ஆகிறது. காரணம் ஒரு கேக். மென்மையான சீஸை அடித்து, மேலே ஸ்ட்ராபெரி பாகு ஊற்றி, தன் பிறந்தநாளுக்கு அவளே செய்தது. ஒரு வாய் வைத்ததும், "சோப்பு வாடை அடிக்குதுக்கா" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். அவளுக்கு அன்று ஜலதோஷம், ஒரு ருசியும் தெரியவில்லை. பேக்கரி நடத்துகிறவளை வேண்டுமென்றே மட்டம் தட்டினேன் என்று முடிவு கட்டிவிட்டாள்.

இப்போது பேக்கரியை வேறு ஊருக்கு மாற்றுகிறாள். போவதற்கு முன் ஒரு நடை வருவதாக என் கணவரிடம்தான் சொன்னாளாம். இன்றைக்கு விட்டால் அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வராது. அதனால் அதே கேக்கைச் செய்தேன்.

என் கணவருக்கு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் கருவிகளைக் கழுவும் வேலை. வீட்டிலும் பாத்திரம் அவர் பொறுப்பு, பழமும் காயும் என் பொறுப்பு. இன்று என் இரண்டு கையிலும் சீஸ். ஸ்ட்ராபெரியைக் கழுவித் தரச் சொன்னேன். பளபளவென்று கொண்டுவந்து வைத்தார். சர்க்கரை போட்டுச் சூடாக்கியபோது கொஞ்சம் அதிகமாகவே நுரைத்தது. புதுப் பழம், அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அக்கா வந்தாள். என்னைப் பார்க்காமல், "மாப்பிள்ளை, தங்கச்சிய உக்காரச் சொல்லுங்க" என்றாள்.

"அவளும் உங்கள உக்காரச் சொல்றா அண்ணி" என்றார் அவர். நான் வாயே திறக்கவில்லை.

கேக்கைப் பார்த்ததும் அக்காவின் முகம் கொஞ்சம் இளகியது. ஒரு வாய் சாப்பிட்டாள். ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

"சோப்பு வாடை அடிக்குதுன்னு தங்கச்சிகிட்ட சொல்லுங்க மாப்பிள்ளை. பழி வாங்க இவ்வளவு மெனக்கெட வேண்டாம்னும் சொல்லுங்க."

அவசரமாக நானும் ஒரு வாய் வைத்தேன். அதே சோப்பு.

"ரெண்டு தடவ அலசினேனே" என்றார் என் கணவர், சாப்பிட்டுக்கொண்டே.

"எத?" என்றாள் அக்கா.

"ஸ்ட்ராபெரிய. சோப்புத் தண்ணில ஊற வெச்சா அழுக்கு ஒரு பொட்டு நிக்காது. உங்க பொறந்தநாளுக்கும் நான்தானே அண்ணி கழுவிக் குடுத்தேன்."

அவர் இன்னொரு ஸ்பூன் எடுத்து வாயில் போட்டு, யோசித்துப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றார்.

அக்கா மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"இவர வெச்சுக்கிட்டு எப்படிடி குடித்தனம் பண்ற?"

"கஷ்டம்தான்க்கா" என்றேன்.

மேலே இருந்த பாகு முழுவதையும் வழித்து அவர் தட்டில் போட்டாள். அடியில் இருந்த சீஸைக் கத்தியால் வெட்டி எனக்குப் பாதி தள்ளினாள்.