ஏழு ஃப்ரிட்ஜும் ஒரு வைஃபை பெட்டியும்

காலை ஒன்பது மணிக்கே அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பதினொரு மணிக்கு அழைப்பு. போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடத்திலிருந்து பின்னறை வரைக்கும் நான்கு முறை நடந்து பார்த்துவிட்டாள். கூடத்தில் வைஃபை கோடுகள் நான்கும் பளிச்சென்று நிற்கின்றன. நடைவழியில் பாதி தூரம் வருவதற்குள் இரண்டாகிவிடுகின்றன. பின்னறையில் அவளுடைய மேசைக்கு முன்னால் ஒன்றே ஒன்று, அதுவும் இருக்கட்டுமா போகட்டுமா என்கிறது.

நேற்று சாயங்காலம் இதே மேசையில் நான்கு கோடும் இருந்தன. அப்பாடா என்று ஐந்து நாளுக்குப் பிறகு நேற்றுதான் நிம்மதியாகத் தூங்கினாள். போயும் போயும் வைஃபையை நம்பித் தூங்கினாளே, அவளைச் சொல்ல வேண்டும்.

அவள் சைகை மொழிபெயர்ப்பாளர். காது கேளாதவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனால், டாக்டர் பேசுவதை இவள் வீட்டிலிருந்தபடியே திரையில் கைகளால் சொல்ல வேண்டும். அவர்கள் கையால் சொல்வதை டாக்டருக்கு வாயால் சொல்ல வேண்டும். வெறும் குரல் என்றால் விட்டுவிட்டு வந்தாலும் எப்படியோ சமாளிக்கலாம். கையில் அந்தக் கதை நடக்காது. படம் உறைந்தால் கையும் பாதியில் நிற்கும், எதிரே இருப்பவர் அந்தப் பாதியையே முழுசென்று எடுத்துக்கொள்வார்.

போன வியாழக்கிழமை அதுதான் நடந்தது. மார்பில் கட்டி என்று வந்த ஒரு பெண், ஏறக்குறைய இவள் வயது. “இது கேன்சராவும் இருக்கலாம்மா. ஆனா பத்துல எட்டுப் பேருக்கு சாதாரணக் கட்டிதான். பயப்படாதீங்க, டெஸ்ட் பண்ணிப் பார்ப்போம்” என்றார் டாக்டர். முதல் வாக்கியத்தை இவள் கையால் சொல்லி முடித்தாள். அதோடு படம் நின்றுவிட்டது. டாக்டரை அவசரமாக ஆபரேஷனுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். மறுபடி எல்லாரும் லைனுக்கு வந்து மீதியைச் சொல்ல மூன்று மணி நேரம் ஆயிற்று. அத்தனை நேரமும் அந்தப் பெண் அந்த ஒற்றை வாக்கியத்தோடு ஆஸ்பத்திரி நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்திருக்கிறாள். மீதி தெரிந்ததும் அவள் கோபப்படவில்லை. “இன்னும் மீதி இருந்ததா?” என்று மட்டும் கையால் கேட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இவளுக்கு இருந்தது.

இன்று பதினொரு மணிக்கு அந்த டெஸ்டின் முடிவு. அந்தப் பெண்ணே இவள்தான் வேண்டுமென்று கேட்டிருக்கிறாள். போன வியாழனுக்கு முந்தின செவ்வாய்க்கிழமையும் வேறு ஓர் அழைப்பு கட்டானதால், மூன்றாவது முறை நடந்தால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவோம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. அது போனால் போகிறது, வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம். அந்தப் பெண்ணுக்கு இன்னொரு தடவை பாதிச் சேதி போய்ச் சேரக் கூடாது.

அவள் செய்யாத வைத்தியம் இல்லை. வைஃபை பெட்டிக்கு மாமியார் ஆசையாகப் பின்னிப் போட்டிருந்த உறையைக் கழற்றினாள். தரையில் கிடந்த பெட்டியைத் தூக்கி, கூடத்துக் கண்ணாடி அலமாரியின் மேல் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை லைன்மேனை வரவழைத்தாள். அந்த மகராசன் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று போனைப் பார்த்துவிட்டு, “லைன்ல ஒரு குறையும் இல்லம்மா, குதிரை மாதிரி ஓடுது” என்று சொல்லிவிட்டுப் போனான். போனிலேயே இணையத்தைப் போட்டுக்கொள்ளலாம் என்றால், அவர்கள் தெருவில் டவர் இன்னும் மோசம்.

“அத்தை, மைக்ரோவேவ் போட்டீங்களா?” என்றாள் இப்போது, கூடத்தைப் பார்த்து. அது ஓடினாலும் வைஃபை கெடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

“அதைத் தொட்டே மூணு நாளாச்சு. ஆறிப்போன பாலைக் குடிச்சுட்டு உட்கார்ந்திருக்கேன்” என்றாள் மாமியார். “உன் பெட்டிக்குப் பயந்து நான் இன்னும் மூச்சை மட்டும்தான் நிறுத்தல. அதையும் சொல்லிடு, நிறுத்திப் பார்க்கறேன்.”

அந்த நேரம் பார்த்து வாசலில் தடதடவென்று சத்தம். கணவன் வந்துவிட்டான். அவன் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். தெருவே அவனை ஃப்ரிட்ஜ் டாக்டர் என்றுதான் கூப்பிடும். கடை என்று தனியாக எதுவும் கிடையாது, வீட்டு நடைவழிதான் அவன் ஆஸ்பத்திரி. ஆள் உயரத்துக்கும் மேல் இருந்த ஓர் இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜைத் தள்ளுவண்டியில் சாய்த்து இழுத்துக்கொண்டு வந்தான்.

“தள்ளு, தள்ளு, உயிர் போகுது! சைடு வாங்கு!”

அவள் பின்னறைப் பக்கம் ஒதுங்கினாள். அவன் ஃப்ரிட்ஜை நடைவழியில் நிமிர்த்தி நிறுத்தினான். அவள் கையிலிருந்த போனில் அந்த ஒற்றைக் கோடும் அணைந்து போயிற்று.

அவள் போனைப் பார்த்தாள், ஃப்ரிட்ஜைப் பார்த்தாள். உடம்பை ஒடுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள், இரண்டு கோடு வந்தது. இந்தப் பக்கம் வந்தாள், ஒன்றுமில்லை.

அவனுக்கு ஒரு பழக்கம். எந்த ஃப்ரிட்ஜ் வந்தாலும் அது வந்த கிழமையையும் இடத்தையும் சாக்பீஸால் அதன் விலாவிலேயே எழுதிவைப்பான். ஃப்ரிட்ஜுகள் நிற்கும் அந்தச் சந்தில் தினமும் நுழைந்து போகிறவள்தான், ஒருநாளும் அதைப் படித்ததில்லை. இன்று படித்தாள். ‘செவ்வாய், ஹாஸ்டல்.’ ‘வியாழன், பேக்கரி.’ இரண்டும் பீரோ பீரோவாக நிற்கின்றன. செவ்வாய்க்கிழமை ஓர் அழைப்பு கட்டானது. வியாழக்கிழமை அந்தப் பெண்ணுடையது.

“என்னங்க, இதெல்லாம் நேத்து சாயங்காலம் எங்க இருந்துச்சு?”

“வெளிச்சம் பத்தலன்னு கூடத்து ஓரமா தள்ளிப் போட்டு வேலை பார்த்தேன். காலைல நீ எழுந்துக்கறதுக்குள்ள திரும்ப இங்கயே நிறுத்திட்டேன். வழியில கிடந்தா அம்மா கத்துவாங்களே. ஏன்?”

“ஏனா? எட்டு நாளா நான் பைத்தியம் மாதிரி வீட்டைச் சுத்தி வரேன். உங்க ஃப்ரிட்ஜுதாங்க மறைக்குது!”

“ஃப்ரிட்ஜு என்னடி பண்ணும் பாவம்? உனக்கு யார் மேலயாவது பழி போடணும்.”

அவள் போனை அவன் கையில் திணித்து, சட்டையைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிறுத்தினாள். மூன்றாவது தடவை அவன் தானாகவே போய் வந்தான். வரிசையாக நிற்கும் ஏழு இரும்புக் கூட்டையும் ஒருமுறை பார்த்தான். முகம் தொங்கிப் போயிற்று.

“அடக் கடவுளே. ஏழு தகட்டுச் சுவரை நானே கட்டி வச்சிருக்கேன்.”

“இப்ப கூடத்துக்கு இழுத்துடுங்க.”

“இழுத்துடுவேன். ஆனா பெரிய ரெண்டுக்கும் வெளிய போறதுக்கு முன்னாடிதான் பைப்பைப் பத்தவச்சிருக்கேன், சூடே ஆறல. அசைச்சா விட்டுடும். மத்தியானம் ஆகும்.” அவன் தலையைச் சொறிந்தான். “பெட்டிய உள்ள கொண்டு வந்துட்டா?”

“ஒயர் ஆறடிக்கு மேல வராது. லைன்மேன் சுவரோட ஆணி அடிச்சு வச்சிருக்கான்.”

மணி பத்தரை. பெட்டி வராது, ஃப்ரிட்ஜ் நகராது. இனி நகரக்கூடியது அவள் ஒருத்திதான். கூடத்தில் உட்கார்ந்து பேசலாம், நான்கு கோடும் அங்கேதான் இருக்கின்றன. ஆனால் நோயாளி பேசுவதை வேறு யாரும் பார்க்கக் கூடாது, கேட்கவும் கூடாது. வேலையின் முதல் விதியே அதுதான். கூடத்தில் மாமியார் இருக்கிறாள், பின்னறைக்கு அனுப்பினாலும் பேச்சு கேட்கும். அவளை எழுப்பி வெளியே அனுப்புவதற்குப் பதில் ஏழு ஃப்ரிட்ஜையும் தலையில் சுமந்துவிடலாம் என்று தோன்றியது.

“அத்தை, ஒரு மணி நேரம் நீங்க வெளியில இருக்கணும்.”

“என்னது?” மாமியாருக்கு முகம் சிவந்துவிட்டது. “என் வீட்டுலேர்ந்து என்னையே வெளிய போகச் சொல்றியா? அதுவும் ஒரு பெட்டிக்காக?”

“பெட்டிக்காக இல்ல அத்தை.” அவள் மாமியார் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். “யாருன்னு நான் சொல்லக் கூடாது. ஒருத்தங்களுக்குப் போன தடவை பாதிச் சேதிதான் போச்சு. அதை வச்சுக்கிட்டு மூணு மணி நேரம் தனியா உட்கார்ந்திருந்தாங்க. இன்னிக்கும் அப்படி ஆயிட்டா என்னால தாங்க முடியாது.”

மாமியார் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“என் செருப்பு எங்கடா?” என்றாள் மகனிடம். “குடையையும் எடு, வெயில் மண்டையப் பொளக்குது. ஒரு ஸ்டூலும் கொண்டு வா. நிக்க வேற சொல்லிடாதீங்க.”

அவன் அதற்குள் மேசையைக் கூடத்துக்குத் தூக்கி வந்துவிட்டான். கண்ணாடி அலமாரி மேலிருந்த பெட்டியை எடுத்து, நடுக்கூடத்தில் இன்னொரு ஸ்டூலின் மேல் நெஞ்சு உயரத்துக்கு வைத்தான். அதற்கும் அவளுக்கும் நடுவே ஒரு துரும்பு கூட இல்லை. கைகள் தெளிவாகத் தெரிவதற்காக அவள் பின்னால் தொங்கவிடும் நீலத்துணியைச் சுவரில் ஊசி குத்தி மாட்டினான். “ஃபுல்லா இருக்கு பாரு” என்று திரையைக் காட்டிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனான்.

பதினொரு மணிக்குத் திரை ஒளிர்ந்தது. அந்தப் பெண் வணக்கம் சொன்னாள். இன்றும் தனியாகத்தான் வந்திருந்தாள். இவளும் வணக்கம் சொன்னாள். படம் துல்லியமாக இருந்தது, அந்தப் பெண்ணின் நகக் கண்ணில் ஒட்டியிருந்த மை கூடத் தெரிந்தது. வாசலில் ஃப்ரிட்ஜ் கெட்டுப்போன எவனோ வந்து கதவைத் தட்டப் போயிருப்பான் போலிருக்கிறது. “ஐஸ் உருகினா உருகட்டும்யா! சத்தம் போட்டே, தொலைச்சுடுவேன்” என்று மாமியார் அடித்தொண்டையில் அதட்டுவது கேட்டது.

டாக்டர் காகிதத்தைப் புரட்டினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“கேன்சர்தான்மா” என்றார்.

அவ்வளவுதான். அதோடு நிறுத்தி, கழற்றிய கண்ணாடியைத் துடைத்தார். காதில் விழுந்தது இவளுக்கு மட்டும். இன்னும் அந்தப் பெண்ணுக்குத் தெரியாது, இவள் கை எழும்பினால்தான் தெரியும். எட்டு நாளாக எந்த லைன் நிற்கக் கூடாது என்று வேண்டினாளோ, அந்த லைன் இந்த நொடியில் கட்டாகிவிடட்டும் என்று மனதார வேண்டிக்கொண்டாள். திரையின் மூலையில் பார்த்தாள். நான்கு கோடும் அசையாமல் இருந்தன.

அந்தப் பெண் திரையை நெருங்கி வந்தாள். கைகள் கேட்டன: “படம் நின்றுவிட்டதா?”

இவள் கைகளைத் தூக்கினாள்.

“இல்லை. லைன் நன்றாக இருக்கிறது.”

அதைச் சொன்ன கையாலேயே அடுத்ததையும் சொன்னாள். அந்தப் பெண் கண்ணைச் சிமிட்டவில்லை. பிறகு மெதுவாக, “மீதி?” என்று கேட்டாள்.

“மீதியையும் சொல்லுங்க டாக்டர்” என்றாள் இவள். “அவங்க கேட்கறாங்க.”

டாக்டர் சொன்னார். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்திருக்கிறோம், ஆபரேஷன் இருக்கிறது, மருந்து இருக்கிறது, எத்தனை மாதம், முடி கொட்டுமா, கூட யார் வரவேண்டும். எல்லாவற்றையும் ஒரு சொல் விடாமல் சொன்னாள். அந்தப் பெண் கேட்ட ஒவ்வொரு கேள்வியையும் திருப்பிச் சொன்னாள். ஐம்பது நிமிடம். ஒரு முறைகூடப் படம் நடுங்கவில்லை.

கதவைத் திறந்தபோது தெருவில் வெயில் கண்ணைக் கூச வைத்தது. குடைக்குள் மாமியார் உட்கார்ந்திருந்தாள். கணவன் சட்டென்று எழுந்தான்.

“கட்டாச்சா?”

“இல்ல.”

“அப்பாடா! நான்தான் சொன்னேனே, பெட்டிக்கு இடம்தான்…” என்றவன், அவள் முகத்தைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினான்.

“அதான் கட்டாகலன்றியே” என்றாள் மாமியார். “அப்புறம் ஏம்மா அழறே?”

அவளால் அதைச் சொல்ல முடியாது. மாமியாரின் பக்கத்தில், வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

“லைன் நல்லா இருந்துச்சு அத்தை” என்றாள். “ரொம்ப நல்லா இருந்துச்சு.”