கடைசிக்கு வைத்த கடல்

திருவல்லிக்கேணியில் பாமா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, மூன்றாவது முறையாக "வேணாம் அண்ணி, வயிறு நிறைஞ்சிருக்கு" என்றாள் வனஜா. பாமா காதிலேயே வாங்கவில்லை. அரிசியைக் களைந்து உலையில் போட்டுவிட்டாள். பெங்களூரிலிருந்து வந்த தம்பி பெண்டாட்டி கை நனைக்காமல் போனால், நாளைக்குச் சொந்தக்காரர்கள் மூஞ்சியில் எப்படி முழிப்பது?

வனஜாவுக்கு அழாத குறை. பெங்களூர் மர்பி டவுனில் பிறந்து மர்பி டவுனிலேயே வாழ்க்கைப்பட்டவள். பெரிய தண்ணீர் என்று அவள் பார்த்ததெல்லாம் அல்சூர் ஏரிதான். கல்யாணமான நாளிலிருந்து கடலைக் காட்டச் சொல்லி அவள் நச்சரித்ததில், மகள் ஷில்பா ஏழாவது முடித்த இந்த மே மாதம்தான் புருஷன் முனிகிருஷ்ணனுக்கு மனம் இரங்கியது. "லாட்ஜு கீட்ஜு ஒண்ணும் வேணாம். மெட்ராஸ் பூரா நம்ம ஜனம்தான் கீது. செலவே இல்லாம ஊரைச் சுத்தலாம்" என்றான்.

செலவு ஆகவில்லைதான். ஊரையும் சுற்றவில்லை. பெரம்பூரில் சித்தப்பா வீடு, அயனாவரத்தில் மாமா வீடு, வியாசர்பாடியில் மாமாவின் சம்பந்தி வீடு. ஒரு வீட்டுக்குப் போய் இன்னொன்றை விட்டால் வருஷக்கணக்கில் பேச்சு நின்றுபோகும். எல்லா வீட்டிலும் அதே கறிக்குழம்பு, அதே கல்யாண ஆல்பம், "புள்ள ஏன் இப்படி இளைச்சிருக்கு?" என்ற அதே விசாரிப்பு. மியூசியத்துக்குப் போன அன்று அதற்கு வார விடுமுறை. கோட்டையை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். கடல் என்று இவள் வாயெடுத்தால் போதும், "கடல் எங்க ஓடிடப் போவுது? கடைசியா பாத்துக்கலாம்" என்பான். சும்மா கிடைப்பது எப்போதும் கிடைக்கும் என்பது அவன் நினைப்பு. அந்தக் கடைசி இன்றைக்குத்தான். மத்தியான ரயிலில் ஊர் திரும்ப வேண்டும்.

"பீச்சு இங்கேருந்து எவ்ளோ தூரம் அண்ணி?"

"தோ, தெரு முனைய தாண்டினா வந்துடும். நானே போயி நாலு வருசமாவுது. இந்த வெயில்ல எவ போவா?"

வனஜா எழுந்தாள். "சாதம் வேகட்டும். ஷில்பா, வாடி."

"ஏய், இன்னாது இது, மரியாத இல்லாம?" முனிகிருஷ்ணன் செருப்புக்கூட மாட்டாமல் பின்னால் ஓடிவந்தான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. எத்தனை வீட்டுக்கு மரியாதை செய்தாயிற்று, இன்னும் என்ன மரியாதை!

பெரிய சாலையைத் தாண்டியதும் மணல். அவ்வளவு மணல் இருக்கும் என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. அதற்கு அந்தப் பக்கம் கடல் தெரிந்தது. வனஜா சட்டென்று செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். ஷில்பாவையும் கழற்றச் சொன்னாள். தண்ணீர் என்றாலே அவளுக்குக் கங்கையம்மாதான்; சாமி இருக்கிற இடத்துக்கு யாராவது செருப்புக் காலோடு போவார்களா? பெங்களூர் வெயிலில் வளர்ந்த காலுக்குப் பாதி தூரம் போன பிறகுதான் உறைத்தது. உச்சி வெயிலில் மணல் அடுப்பாகக் கிடந்தது. கடற்கரையில் ஈ காக்கை இல்லாததன் காரணமும் அப்போதுதான் புரிந்தது.

"மா, சுடுது மா!"

"ஓடுடி!"

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். எல்லா வீட்டுக் குழம்பும் வயிற்றில் குலுங்கியது. ஈர மணல் வந்தது. ஓர் அலை வந்து முழங்கால் வரை நனைத்தது. இத்தனை வருஷத்து ஆசைக்கு அவள் வாயிலிருந்து வந்தது "அப்பாடா" என்ற ஒரே சொல்தான். பிறகு எதற்கென்று தெரியாமல் கண்ணில் தண்ணீர் முட்டியது.

"வனஜா! ரயிலு போயிடும்மே!"

திரும்பிப் பார்த்தாள். இரண்டு ஜோடிச் செருப்பையும் கையில் பிடித்துக்கொண்டு, நட்ட நடு மணலில் முனிகிருஷ்ணன் காலை மாற்றி மாற்றிக் குதித்துக்கொண்டிருந்தான்.

"ரயிலு எங்க ஓடிடப் போவுது?" என்று கத்தினாள்.

அவனுக்குக் கேட்டதோ என்னவோ. குதித்து மாளாமல் அவள் செருப்பைக் கீழே போட்டு, அதன் மேல் குதிகால் வெளியே நீட்டிக்கொண்டிருக்க ஏறி நின்றான். முன்னாலும் வர முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. வனஜா மறுபடி கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அலை பின்வாங்கும்போது காலடி மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டு போனது.