கணியில் வைத்த காசு

ஸ்ரீவராகம் அக்ரஹாரத்தில் பஞ்சாபகேசனிடம் மணி கேட்டால்கூடப் பேச்சு பழங்காசில்தான் போய் முடியும். அரசாங்க ஆபீசில் சூப்பரின்டென்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கிராஜுவிட்டியில் பெரும்பகுதி, வெல்வெட் பெட்டிக்குள் முப்பத்திரண்டு திருவிதாங்கூர்ச் செம்புக் காசுகளாக உட்கார்ந்திருந்தது.

"பேங்க்ல போட்டா வட்டி மட்டுமாக்கும். இதுல வட்டியும் உண்டு, சரித்திரமும் உண்டு" என்பார். கேட்பவர் எழுந்து போக முடியாத இடமாகப் பார்த்துச் சொல்வார், பெரும்பாலும் சவரக்கடையில்.

1976இல் மகள் ஜெயலக்ஷ்மிக்கு ஆனியில் முகூர்த்தம் வைத்தார்கள். மாப்பிள்ளைக்கு ஸ்கூட்டர் பேச்சு. பதிவு செய்து ஆறு வருஷம் காத்திருந்த ஒருவர், ஐயாயிரம் கொடுத்தால் வண்டியைத் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். கோட்டாற்றுக் காசு வியாபாரி ஆறுமுகநயினார் பெட்டியைப் பார்த்து அதே தொகையைச் சொல்லியிருந்தார். சித்திரை விஷுவன்று பணத்தோடு வருவதாக ஏற்பாடு.

பஞ்சாபகேசன் அதோடு சும்மா இருந்திருக்கலாம். விஷுவுக்கு முதல்நாள் மனைவி லலிதாம்பாள் உருளியில் அரிசி, வெள்ளரிக்காய், கொன்றைப்பூ எல்லாம் அடுக்கி, விடிந்ததும் முதலில் கண் விழிக்கக் கணி வைத்துக்கொண்டிருந்தபோது பெட்டியை நீட்டினார்.

"ரூபாய்க்காசு வேண்டாம். இதை வை. கைவிட்டுப் போறதுக்கு முன்னாடி தெருவுல நாலு பேர் பாக்கட்டும்."

விடியலில் கண்ணை மூடிக்கொண்டு, மனைவி கைபிடித்து நடத்திவர, கணியின் முன்னே உட்கார்ந்தார். திறந்தார். நேற்று அடித்தவை போல முப்பத்திரண்டு காசுகள் மின்னின.

"என்னடி பண்ணினே?"

"புளியில ஊறவெச்சு சாம்பல் போட்டுத் தேச்சேன். ரெண்டு மணிக்கூர் ஆச்சு. வருஷப் பொறப்பும் அதுவுமா கரிக்கட்டையையா கணி காணறது?"

ஒன்பது மணிவரை பஞ்சாபகேசன் கதவைச் சாத்திக்கொண்டு, காசுகளை ஒவ்வொன்றாக விளக்குப் புகையில் காட்டினார். பத்து மணிக்கு ஆறுமுகநயினார் வந்து ஒன்றை எடுத்து வேட்டி நுனியால் துடைத்தார். வேட்டி கறுத்தது; காசு சிவந்தது.

"என்ன சாமி, நரைக்கு மை தடவிப் பொண்ணு காட்டுத மாதிரில்லா இருக்கு?"

"சரித்திரம் உள்ளே அப்படியேதானே இருக்கு, நயினார்!"

"உள்ள யாரு பாக்கா? நூறு வருசமாத் தானா ஏறுன கறுப்பு அது. அதுக்குத்தான் அய்யாயிரம் சொன்னேன். இப்பம் பாத்திரக்கடையில எடைக்குத்தான் எடுப்பான்."

அடுக்களையிலிருந்து லலிதாம்பாள் எட்டிப் பார்த்தாள். "பளபளப்பு போறலையாமா? எலுமிச்சம்பழம் போட்டு இன்னொரு தரம் தேய்க்கட்டுமா?"

ஆறுமுகநயினார் காப்பியை மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

அன்றே பஞ்சாபகேசன் சம்பந்திக்கு நாலு பக்கம் கடிதம் எழுதினார். ஸ்கூட்டர் நாளுக்கு நாள் விலை இறங்கும் வஸ்து. பழங்காசு ஏறும் வஸ்து. ஆகவே மாப்பிள்ளைக்குத் தம் சேகரத்தையே கொடுக்கும் பெருமனம் தமக்கு இருக்கிறது. பதில் கார்டில் வந்தது: "விலை இறங்குவதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. ஸ்கூட்டரே இருக்கட்டும்."

லலிதாம்பாள் கார்டைப் படித்தாள். தன் கல்யாணத்தில் போட்ட நாலு வளையல்களையும் சோப்புப் போட்டுக் கழற்றினாள். சாலைக் கடைத்தெருவில் நகைக்கடைக்காரர் உரசி, நிறுத்து, கல்யாணத்தன்று வாங்கின விலையைப் போல ஏழு மடங்கு என்றார். ஸ்கூட்டருக்குப் போக நாதஸ்வரத்துக்கும் கொஞ்சம் மிஞ்சியது.

திரும்பும் வழியில், கூட வந்த பஞ்சாபகேசன், "என்ன இருந்தாலும் தங்கத்துல சரித்திரம் கிடையாதாக்கும்" என்றார்.

"கிடையாதுதான்" என்றாள் லலிதாம்பாள். "ஓரமா வாங்கோ, பஸ் வர்றது."