விலை இறங்கட்டும்

...இல்லை, கடைக்காரர் விளையாட்டுக்குச் சொல்லியிருப்பார் என்றுதான் முதலில் நினைத்தேன், விரல் நீளத்துக்கு இருக்கிற ஒரு ரேமுக்கு அந்த விலையா, போன வருஷம் அந்தக் காசுக்குப் பாதி கம்ப்யூட்டர் வந்திருக்குமே, ஆனால் இவர் போனைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் சொந்தக்காரர் யாரையோ ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்ட மாதிரி ஒரு கலக்கம். "காலைல ஒரு விலை, சாயங்காலம் ஒரு விலையாம், நகைக்கடை கெட்டுது போ," என்றார். பிறகு நாற்காலி மேல் ஏறி அலமாரி உச்சியிலிருந்து பிஸ்கட் டப்பாவை இறக்கினார், கல்யாணமான நாளிலிருந்து இவர் சேர்த்து வைத்திருக்கிற உதிரிப் பாகங்கள், தூக்கிப் போடச் சொல்லும்போதெல்லாம் 'என்னிக்காவது உதவும்' என்பார், அந்த என்றைக்காவது இன்றைக்குத்தான் போலிருக்கிறது. ஊரே இப்போது இதைத்தான் செய்கிறதாம், பழசைப் பிரித்து உள்ளே இருப்பதைப் பிடுங்குகிறார்களாம், இவர் தங்கை வீட்டில் குப்பைக்கு வைத்த கம்ப்யூட்டரை மறுபடி உள்ளே கொண்டுபோய்ப் பூட்டிவிட்டார்களாம். என்னுடையது ஹாலில் செய்தித்தாள் மேல் ஒருக்களித்துப் படுத்திருக்கிறது, பக்கத்து மூடியைக் கழற்றியாயிற்று, நான் போன் வெளிச்சத்தைக் காட்டிக்கொண்டு குந்தியிருக்கிறேன், முட்டி வலிக்கிறது. இது எழுந்திருக்குமா? நாளைக்குள் எழுந்தாக வேண்டும், நாளைக்கு மேடம் கூப்பிடுவார்.

மேடம் என்றால் என் பழைய ஆபீஸ் மேடம், வீட்டு பிளான் போட்டுத் தருகிறவர், மகன் பிறந்தபோது அந்த வேலையை விட்டேன், அவன் இப்போது காலேஜ் ஹாஸ்டலில் துணி துவைக்கத் தெரியாமல் திண்டாடுகிறான். "உன்ன மாதிரி கை இன்னும் எனக்குக் கெடைக்கல. வீட்டுலேருந்தே வரைஞ்சு குடு. ஆனா இப்ப எல்லாம் த்ரீடி, மெஷின் தாங்குமான்னு பாத்துட்டுச் சொல்லு, இல்லன்னா நான் வேற ஆள் பாக்கணும்." உன்ன மாதிரி கை... அந்த வார்த்தையைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டுதான் ஒரு வாரமாகத் தூங்குகிறேன். மெஷின் தாங்கவில்லை. அவர் சோதனைக்கு அனுப்பிய த்ரீடி வீட்டைத் திறந்தால் வாசற்படியும் ஒரு சுவரும் வந்து நின்றுவிடுகிறது, பாத்திரம் எல்லாம் கழுவிவிட்டு வந்து பார்த்தாலும் அதே ஒற்றைச் சுவர். ஒரே ஒரு ரேம் சேர்த்தால் ஓடும் என்கிறார் கடைக்காரர், சொல்வது அவருக்கு சுலபம்.

இந்த வாசனை, தூசும் சூடான பிளாஸ்டிக்கும்... ஒற்றை அறையில் குடியிருந்தோமே, அப்போது முதல் கம்ப்யூட்டரை மாதம் ஒரு பாகமாக வாங்கினோம், முதலில் மானிட்டர்தான் வந்தது, இணைக்க எதுவும் இல்லாமல் மேலே என் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு மூலையில் புதுப்பெண் மாதிரி உட்கார்ந்திருந்தது, அடுத்ததை இப்பவே வாங்கிடலாமா என்று நான் துடிக்க, இவர் "பொறு, விலை இறங்கட்டும்" என்பார், இறங்கும், சொல்லி வைத்தாற்போல் இறங்கும், மிச்சமான காசில் பஸ் ஏறிக் கடற்கரைக்குப் போவோம். அந்த வார்த்தை அப்போது எத்தனை இனிப்பாக இருந்தது! கடைசிப் பாகம் வந்த மத்தியானம் எல்லாவற்றையும் பூட்டி சுவிட்சைப் போட்டால் பீப் பீப் என்று கத்துகிறதே தவிரத் திரையில் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை, இவருக்கு வேர்த்துக் கொட்டியது, கடைக்கு ஓடிக் கேட்டுக்கொண்டு வந்தார், ரேமைக் கழற்றி அதன் மஞ்சள் பற்களை ரப்பரால் தேய்க்க வேண்டுமாம். ரப்பர் என் டிராயிங் டப்பாவில் இருந்தது. நான்தான் தேய்த்தேன், "மெதுவா, மெதுவா" என்று இவர் என் தோளில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். திரையில் வெளிச்சம் வந்ததும் என்னை அப்படியே தூக்கிவிட்டார். "நீதாண்டி இன்ஜினியர்!" என்ன சந்தோஷமாக இருந்தோம்.

"பொருந்தல," என்கிறார் இவர். டப்பாவில் இருப்பதெல்லாம் பழங்காலத்து ரேம்களாம், நடுவில் இருக்கிற வெட்டு இடம் மாறியிருக்கிறதாம், அழுத்தினால் போர்டு உடையும். சரி. வெளிச்சத்தை இன்னும் கிட்டே கொண்டுபோகிறேன், உள்ளே ஒரு ரேம் இருக்கிறது, பக்கத்தில் காலி இடம், அதில் மட்டும் தூசு கொஞ்சம் குறைச்சலாக... இதில் இரண்டு இருந்ததே. இவருக்கும் எனக்கும் ஒரே நாளில் ஒரே மாதிரி இரண்டு கம்ப்யூட்டர் வாங்கினோமே, பிறகு மகன் விளையாட்டுக்கென்று என்னுடைய கிராபிக்ஸ் கார்டு போயிற்று, இவருடையது மெதுவாக இருக்கிறது என்று ஒரு ரேம் போயிற்று, உறுப்பு தானம் என்று நானே சொல்லிச் சிரித்தேன். "நீதான் இப்ப வரையறதில்லையே. உனக்கு அப்புறம் வாங்கிக்கலாம், இப்ப கொள்ளை மலிவாக் கெடக்கு, எப்ப வேணாலும் வாங்கலாம்," என்றார் அன்றைக்கு. மலிவாகக் கிடந்ததால் அவசரமில்லை. இப்போது ஏறிவிட்டது.

"ரெண்டு மாசம் பொறு," மூடியைத் தேடிக்கொண்டே சொல்கிறார், "விலை இறங்கட்டும். மேடம்கிட்ட சொல்லு, புரிஞ்சுக்குவாங்க." எதைப் புரிந்துகொள்வார்? நான் எழுந்துவிட்டேன். உள் அறையில் இவருடைய கம்ப்யூட்டர், பழைய கிரிக்கெட் மேட்ச் ஒன்று பாதியில் நின்றிருக்கிறது, ஆபீஸ் வேலைக்கு ஆபீசே லேப்டாப் கொடுத்திருக்கிறது. அணைத்தேன். வயரைப் பிடுங்கினேன்.

"என்ன பண்ற?" ஹாலிலிருந்து.

"என்னோடத எடுக்கறேன்."

"உன்னோடதா? எது?"

நிஜமாகவே கேட்கிறார், குரலில் கள்ளமில்லை, மறந்தே போயிருக்கிறார், அடடா, இவர் கெட்டவர் இல்லை, அன்றைக்கே திருப்பிக் கேட்டிருந்தால் சிரித்துக்கொண்டே கழற்றித் தந்திருப்பார், போன வருஷம் கேட்டிருந்தாலும் தந்திருப்பார், நேற்றுக் கேட்டிருந்தாலும்... அப்படியானால் நான் ஏன் கேட்கவில்லை, விலை எல்லாம் இறங்கிக் கிடந்த அத்தனை வருஷமும் நான் எது இறங்கட்டும் என்று காத்திருந்தேன்?