ஆடி மாதத்து வெல்டிங்

கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பந்தய ரன்வேயில் என் வண்டி கிளம்பிய இடத்தில் ஒரே ஒரு கறுப்புக் கோடுதான் இருந்தது. வலது டயர் போட்டது. இடது டயர் நின்ற இடம் துடைத்துவிட்ட மாதிரி கிடந்தது. கால் மைல் தூரத்துக்குப் பதினைந்து புள்ளி இரண்டு நொடி. பதினைந்துக்குள் வராத வண்டிகளுக்கு இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான் என்று நடத்துகிறவர்கள் மைக்கிலேயே சொல்லிவிட்டார்கள். போதாக்குறைக்கு எவனோ ஒருத்தன், "மாப்பிள்ளை கார் வருது, வழி விடுங்க" என்று கத்தினான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆனால் அவன் சொன்னதில் பொய் இல்லை. எங்கள் வெள்ளைக் கான்டெஸா கம்பம் சுற்றுவட்டாரத்தில் முகூர்த்த நாள் தவறாமல் மாப்பிள்ளை அழைப்புக்குப் போகிற வண்டிதான். ஓட்டுவது நான். என் வீட்டுக்காரர் பாண்டியராஜன் கம்பத்தில் பட்டறை வைத்திருக்கிறார். வேறு இன்ஜின் ஏற்றி அதைப் பந்தயத்துக்கும் ஆக்கியவர் அவர். பந்தயத்திலும் நானே ஓட்டுவதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. நான் ஐம்பத்து மூன்று கிலோ, அவர் தொண்ணூற்றிரண்டு. கண்ணெதிரே பஸ் கிளம்பினாலும் ஓடிப் பிடிக்க மாட்டார். "அடுத்த பஸ்ஸு வராமயா போகும்" என்று நிற்கிற மனுஷன். அப்படிப்பட்டவரைக் கட்டிய எனக்குத்தான் அந்தப் பதினைந்து நொடி பைத்தியம் பிடித்துக்கொண்டது. சோறு வடிக்கும்போதுகூட மனசுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஊர் திரும்பியதும் பின் ஆக்ஸிலைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்தோம். குற்றவாளி அதன் நடுவே இருக்கிற டிஃபரன்சியல். வளைவில் வெளிச் சக்கரம் அதிகம் சுற்ற வேண்டும், உள் சக்கரம் குறைவாகச் சுற்ற வேண்டும். அதற்கு வழிவிடத்தான் அது இருக்கிறது. ஆனால் ஒரு சக்கரம் வழுக்கினால் மொத்த வேகத்தையும் அதற்கே கொடுத்துவிடும்.

"வேல செய்யிறவன விட்டுட்டு சும்மா சுத்துறவனுக்கே சோறு போடுது" என்றார் இவர்.

"ஒங்கம்மா ஒங்க தம்பிக்குப் போடுற மாதிரி" என்றேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு ஸ்பேனரைத் தேடினார்.

இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பூட்ட மூன்று வழி இருந்தது. தெருவுக்கும் பந்தயத்துக்கும் ஒத்துப்போகிற, பாதி பூட்டிப் பாதி விடுகிற வகை ஒன்று. எங்கள் வண்டிக்கு அளவில் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் விலை கேட்டு மயக்கம்தான் வரும். தானே பூட்டித் தானே திறக்கிற லாக்கர் இன்னொன்று. திருப்பத்தில் அது டமார் டமார் என்று அடிக்கும், உள்ளே மாப்பிள்ளை இருக்கும்போது ஆகிற காரியமா? மூன்றாவது வெல்டிங். உள்ளே இருக்கிற பல்சக்கரங்களைச் சேர்த்துப் பற்றவைத்துவிட்டால் செலவே இல்லை, ஆனால் பூட்டியது பூட்டியதுதான். மெதுவாகத் திரும்பினாலே டயர் அலறும், ஆக்ஸில் ஷாஃப்ட் முறிந்தாலும் முறியும்.

"மாப்பிள்ள அழைப்புக்கு ஆகாது" என்றார்.

"ஆடி பொறக்கப் போகுதுங்க. ஆடியில எவன் கல்யாணம் வைக்கிறான்? பந்தயமும் ஆடியிலதான் வருது. இப்பப் பத்தவைங்க, ஆவணிக்குத் தேனியில பழைய டிஃபரன்சியல் ஒண்ணு வாங்கி மாத்திக்கிருவோம்."

யோசனை என்னுடையது. அறிவாளி நான்தான். அவர் அன்றே பற்றவைத்துவிட்டார். சோதித்துப் பார்க்க வண்டியை எங்கள் தெருவில் திருப்பினேன். சிமெண்ட் ரோட்டில் டயர் போட்ட கூச்சலுக்கு எதிர்வீட்டு சோணையம்மாள், "எது மேல வண்டிய ஏத்துன?" என்று ஓடி வந்தார். பட்டறையில் வண்டி கழுவுகிற ஈரத்தரையில் மட்டும் சத்தமில்லாமல் வழுக்கித் திரும்பியது.

பந்தயத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது உத்தமபாளையத்திலிருந்து போன் வந்தது. அக்தர் பேகம்.

"சினேகாம்மா, சனிக்கிழம காலையில ஒம்போது மணிக்கு வண்டி வந்துரும்ல? ஜெய்லானி அந்த வெள்ள வண்டிதான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறான்."

காலண்டரைப் புரட்டினேன். மகன் நிக்காஹுக்கு மாசியிலேயே சொல்லிவைத்திருந்தார். நானும் ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை என்று இங்கிலீஷ் தேதியில் எழுதி வைத்தவள்தான். ஆடி எங்களுக்குத்தானே ஆடி, அவர்களுக்கு என்ன வந்தது? ஞாயிற்றுக்கிழமை பந்தயம். சனிக்கிழமை ஷாஃப்ட் முறிந்தால் என் பதினைந்து நொடி அதோடு சரி. வேறு வண்டி அனுப்பிவிடலாம் என்றார் இவர். ஆறு மாதமாக எதிர்பார்த்து நிற்கிற வீட்டுக்கு அப்படிச் செய்ய எனக்கு மனசு வரவில்லை.

வெள்ளிக்கிழமையே போய் வழியைப் பார்த்தேன். வீட்டிலிருந்து பள்ளிவாசல் வரைக்கும் நேர் ரோடு. பள்ளிவாசல் சந்துக்குள் நுழைகிற இடத்தில் மட்டும் ஒரு திருப்பம், அதுவும் சிமெண்ட் தரை. மாப்பிள்ளையின் அண்ணன் அஷ்ரப் கூடவே வந்தார்.

"அண்ணே, நாளைக்கு இந்த மூலையில நல்லா தண்ணி ஊத்தி வைக்கணும்."

"எதுக்கும்மா?"

வெல்டிங் கதையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. "வண்டிக்கு நல்லதுண்ணே" என்றேன். அவர் மரியாதையாகத் தலையாட்டினார்.

மறுநாள் ரோஜா மாலை போட்ட வண்டியில் ஜெய்லானியை ஏற்றிக்கொண்டு ஊர்ந்து போனேன். பைத்து என்கிற வாழ்த்துப் பாட்டைப் பாடுகிறவர்கள் முன்னால் நடந்தார்கள். சந்து நெருங்கியதும் தலையை வெளியே நீட்டித் தரையைப் பார்த்தேன். மூலை முழுக்க நனைந்து மின்னியது. வாசம் வேறு வந்தது. கையில் காலி பாட்டிலோடு அக்தர் பேகம் நின்றிருந்தார்.

"ஒங்க பக்கத்து வழக்கம்னு அஷ்ரப் சொன்னான். நல்ல காரியத்துக்கு வெறுந் தண்ணி எதுக்குன்னு பன்னீரும் சேத்து ஊத்திட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கூடவே கண்ணும் கலங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டியரிங்கை ஒடித்தேன். பின்னால் டயர் இரண்டும் உஸ்ஸென்று வழுக்கின. ஷாஃப்ட் ஒரு தரம் முனகியது. வண்டி திரும்பிவிட்டது.

"அக்கா, பின்னாடி என்னமோ சத்தம் கேட்டுச்சே?" என்றான் ஜெய்லானி.

"மால உரசுது தம்பி, நீங்க சிரிச்ச முகமா இருங்க."

பிரியாணி பரிமாறும்போது மனசு பொறுக்காமல் அக்தர் பேகத்திடம் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டேன். அவர் வாயில் கையை வைத்துக்கொண்டார்.

"அடிப் பாவி! மூணு பாட்டில்டி!" பிறகு சிரித்தார், தோள் குலுங்கச் சிரித்தார். "சரி, எங்க வீட்டுப் பன்னீர்ல திரும்புன வண்டி. நாளைக்கு எத்தன நொடின்னு எனக்குப் போன் போடணும், ஆமா."

அன்று சாயங்காலமே மினி லாரியில் வண்டியை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். ஞாயிற்றுக்கிழமை கோட்டில் போய் நின்றபோது டயர் இடுக்கில் ஒரு ரோஜா இதழ் ஒட்டியிருந்ததை இவர்தான் காட்டினார். எடுக்க வேண்டாம் என்றேன்.

பச்சை விளக்கு எரிந்தது. கிளட்சிலிருந்து காலை எடுத்தேன். போன முறை பின்பக்கம் ஒரு ஓரமாக இழுத்தது, இந்த முறை அப்படி இல்லை. இரண்டு சக்கரமும் ஒன்றாகத் தரையைப் பிடித்து உதைத்ததில் என் முதுகு சீட்டோடு அப்பிக்கொண்டது. சத்தமாகச் சிரித்துவிட்டேன் போலிருக்கிறது, ஹெல்மெட்டுக்குள் என் குரலே எனக்குக் கேட்டது. முடிவுக் கோடு எப்போது வந்தது, எப்போது போனது என்று தெரியவில்லை.

பக்கத்துப் பாதை வழியாகத் திரும்பி வந்து, வண்டியை நிறுத்திவிட்டு, கிளம்பிய இடத்தைப் போய்ப் பார்த்தேன். இரண்டு கறுப்புக் கோடுகள், பக்கத்தில் பக்கத்தில், ஒரே நீளத்துக்கு. நேரம் எழுதிய சீட்டை வாங்க இவர் தூரத்து மேசைக்குப் போயிருந்தார். நெற்றியில் கையை வைத்து அந்தப் பக்கம் பார்த்தேன். வெயிலில் ஒரு ஆள் வருவது தெரிந்தது. கையைத் தூக்கிச் சீட்டை ஆட்டிக்கொண்டு, தொப்பை குலுங்க, ஒரு செருப்பைத் தார்ரோட்டிலேயே விட்டுவிட்டு, என் வீட்டுக்காரர் ஓடி வந்துகொண்டிருந்தார்.