ரிட்டர்னுக்கு மேலே

அந்தக் கீபோர்டை வடிவமைத்த புண்ணியவான் யாரோ, அவனை ஒரு நாள் என் நாற்காலியில் உட்கார்த்தி வேலை வாங்க வேண்டும். வரிக்கு வரி தட்டுகிற ரிட்டர்ன் விசைக்கு நேர் மேலே, தொட்டால் எல்லாவற்றையும் துடைத்துப்போடுகிற ரீசெட் விசை. இரண்டும் ஒரே அளவு, ஒரே நிறம். விரல் கொஞ்சம் மேலே தப்பிவிட்டால் முடிந்தது கதை. புரோகிராம் இருக்கிற கேசட்டை மறுபடி போட்டு, டேப்ரெக்கார்டர் கீச்சுக்கீச்சென்று கத்தி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் டீ குடித்து டம்ளரையும் கழுவி வைத்துவிடலாம்.

அப்போது வீட்டுக் கம்ப்யூட்டர் என்பதே புதுசு. டீவியோடு மாட்டுகிற அந்தப் பெட்டிதான் எங்கள் பட்டறையில் சாயத்தொட்டிக்குப் போகிற நீராவி வால்வைத் திறந்தது, மூடியது. இனி எதற்கு என்று வால்வின் கைச்சக்கரத்தைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டார் மேனேஜர். பெட்டியில் ஓடுகிற புரோகிராம் நின்றுபோனால் வால்வு தானாகத் திறந்துகொள்ளும்படி செய்துவிட்டுப் போனான் ஒயரிங் செய்தவன். தொட்டி ஆறிப்போய்த் துணி திட்டுத்திட்டாகக் கெட்டுவிடக் கூடாதாம். துணிக்காக யோசித்தவனுக்கு ஆள் ஞாபகம் வரவில்லை.

ஆள் என் தம்பி. தொட்டிக்குள் இறங்கிச் சுரண்டிக் கழுவுவது அவன் வேலை. அம்மா போனபின் நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவன். அவனுக்கே கைக்குழந்தை வந்தும் வாய்த்துடுக்கு மட்டும் குறையவில்லை.

அதனால் ரீசெட் விசையின் மூடியை ஸ்பூனால் நெம்பி எடுத்து டிராயரில் போட்டுவைத்தேன். பல் விழுந்த வாய் மாதிரி அங்கே ஒரு பொந்து. வால்வை மூடிவிட்டு, தம்பி வெளியே வந்து குரல் கொடுக்கும்வரை கீபோர்டை யாரையும் தொட விடமாட்டேன்.

அன்று துணி வாங்குகிற பெரிய ஆட்கள் வருவதாக இருந்தது. மேனேஜர் டிராயரைக் குடைந்து அந்த மூடியை எடுத்து அழுத்திப் பொருத்தினார்.

"சார், அது வேணாம்னுதான் கழட்டி வச்சிருக்கேன்."

"ஓட்டைக் கீபோர்டைப் பாத்தா வர்றவங்க என்னம்மா நினைப்பாங்க?"

"அப்ப அவங்க போற வரைக்கும் தம்பி இறங்க வேணாம்."

"தொட்டி அழுக்கா கிடந்தா மட்டும் நல்லாவா இருக்கும்?"

செவிடன் காதில் ஊதின சங்குதான். சுவருக்கு அந்தப் பக்கம் தொட்டி இருக்கிற கொட்டகைக்குப் போய்த் தம்பியிடம் சொன்னேன்.

"உள்ள குதிக்கிறவன் நான். மேல உக்காந்து பட்டன் தட்டுற உனக்கு என்னக்கா பயம்?" என்று ஏணியில் கால் வைத்தான்.

"வாயாடாம சீக்கிரம் முடிச்சிட்டு வா."

திரும்பி வந்து வால்வு மூடியிருப்பதைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் மேனேஜர் விருந்தாளிகளோடு உள்ளே வந்தார்.

"எந்திரிம்மா. நேத்து எவ்வளவு துணிக்குச் சாயம் போட்டோம்னு திரையில காட்டணும்."

"தம்பி உள்ள இருக்கான் சார். வந்துடட்டும்."

"கணக்குக் காட்டுறதுக்கும் தொட்டிக்கும் என்ன சம்பந்தம்?"

"அப்ப சொல்லுங்க, நானே அடிக்கிறேன்."

"யாரு வேணா ஓட்டலாம்னு காட்டத்தானேம்மா இந்தக் கூத்து." அவர்கள் பக்கம் திரும்பிச் சிரித்தார். "இவங்களுக்கு இந்தப் பெட்டி மேல பெத்த பிள்ளைப் பாசம்."

அவர்களும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்திருக்காமல் கீபோர்டின் வலது ஓரத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டேன்.

"தொடாதீங்க சார். உள்ள ஆள் இருக்கு."

அவர் என் மணிக்கட்டைப் பிடித்து, சிறுபிள்ளையின் கையை விலக்குவதுபோல விலக்கினார். குனிந்து ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினார். குரங்கு கையில் பூமாலை. கடைசி எழுத்து விழுந்ததும் நிமிர்ந்து, "இப்ப பாருங்க" என்று அவர்களைப் பார்த்தபடியே விரலை இறக்கினார்.

திரை காலியாயிற்று. சுவருக்கு அந்தப் பக்கம் குழாய் ஒருமுறை அதிர்ந்து, இரையத் தொடங்கியது.

நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினேன். "ஒண்ணுமில்ல, கேசட்டைப் போட்டா சரியாயிடும்" என்று மேனேஜர் அவர்களிடம் சொல்வது முதுகுக்குப் பின்னால் கேட்டது.

கொட்டகை வாசலிலேயே வெள்ளையாக ஆவி நின்றது. "தம்பி, ஏறி வாடா" என்று கத்தினேன். மறுபடியும் கத்தினேன். வாய் ஓயாதவன், பதிலே சொல்லவில்லை.